மூன்றாவது வளைவு

கூட்டம் தொடங்கியதும் செருப்பிலிருந்து காலை
உருவிக்கொள்வார் நகர்மன்றத் தலைவி பிலோமினா.
மேசைத்துணிக்குக் கீழே அந்தக் குதிகால்கள்
எனக்கு மட்டும் தெரியும்.
தீர்மானப் புத்தகம் எழுதுகிறவளின் நாற்காலி
கொஞ்சம் தாழ்வானது.

ஊட்டி மைதானம், எண்பத்தெட்டு, ஆகஸ்ட்.
மாவட்டப் போட்டி, பெண்கள், ஆயிரத்தைந்நூறு மீட்டர்.
அவள் நெஞ்சில் பதினொன்று. என் நெஞ்சில் முப்பத்திநாலு.
(அன்றைக்கு அவள். இன்றைக்கு அவர்.
குன்னூர் நகராட்சியில் சம்பளம் வாங்குகிறவளுக்கு
இது சீக்கிரம் பழகிவிடும்.)
இரண்டு பேருக்கும் வெறுங்கால்.
ஈரப்புல்லில் சுண்ணாம்புக் கோடு
கொட்டிய பால் மாதிரி கலங்கிக் கிடந்தது.
ஒரு முகத்தை மறக்கலாம்.
ஐந்தேகால் நிமிடம் முன்னால் போன குதிகாலை
மறக்க முடியாது.

மூன்றாவது சுற்றில் மேகம் இறங்கியது.
நடுவர்கள் எதிர்ப்பக்கம்,
குடைக்கடியில், டீ கிளாஸோடு.
வளைவில் நட்ட சிவப்புக் கொடிகளில்
கடைசி மூன்றுக்கு
நான் வெளியே ஓடினேன்.
அவள் உள்ளே.
அவ்வளவுதான்.
பத்தடி மிச்சம். பன்னிரண்டும் இருக்கலாம்.
மேகத்தைவிட்டு நான் வெளியே வந்தபோது
ரிப்பன் அவள் கழுத்தில் பறந்துகொண்டிருந்தது.

ஆட்சேபம் சொல்ல ஐம்பது ரூபாய் கட்டணம் என்றார்கள்,
நிரூபிக்காவிட்டால் திருப்பித் தரமாட்டார்களாம்.
பஸ் டிக்கெட்டே பி.டி. டீச்சர் எடுத்தது.

மனசைத் தொட்டுச் சொல்கிறேன்:
அந்தப் பத்தடி இல்லாவிட்டாலும்
அவள்தான் ஜெயித்திருப்பாள்.
அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோப்பை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி.
கல்லூரியில் பேரவை, பேரவையிலிருந்து கட்சி,
கட்சியில் பதினெட்டு வருடம் யார் யாருக்கோ மேடை போட்டு,
கடைசியில் மார்க்கெட் மதில் முழுக்க
'ஓடி ஜெயித்த கால்களுக்கே உங்கள் ஓட்டு'.
நானும் போட்டேன்.
எதிரே நின்றவர்
பஸ் ஸ்டாண்டுக்கே ஆட்டோவில் போகிறவர்.

இந்த மாதம் மன்றப் பொருள் இருபத்தாறு.
பதினேழாவது:
சரிவிலிருக்கும் நாற்பத்தொரு லைன் வீடுகளை அப்புறப்படுத்தி
வாகன நிறுத்தம் அமைப்பது.
'மாற்று இடம்' என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
பார்வையாளர் பெஞ்சில் குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டியபடி ஒருத்தி
பதினேழு வந்துருச்சா, பதினேழு வந்துருச்சா என்று
பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலரைக்கு, சாத்தாத ஜன்னல் வழியே
மேகம் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தது.
தலைவி வாயால் ஒரு மூச்சு இழுத்தார்.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
வேகம் கூட்டுவதற்கு முன் இழுப்பது.

'பொருள் எட்டு முதல் இருபத்தாறு வரை, ஏகமனதாக.'

மேசைகள் தட்டப்பட்டன. வடை வந்தது.
பெஞ்சிலிருந்தவள் எழுந்து
என்னைப் பார்த்து, 'அக்கா, பதினேழு?' என்றாள்.

இரவு வீட்டில் எழுதினேன்.
எட்டு முதல் பதினாறு வரை: ஏகமனதாக.
பதினெட்டு முதல் இருபத்தாறு வரை: ஏகமனதாக.
பதினேழு: மன்றத்தில் வாசிக்கப்படவில்லை.

காலையில் கையெழுத்துக்கு வைத்தேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வரிக்கு வரி விரலை நகர்த்தி வந்தவர்
பதினேழில் நிறுத்தினார்.
வெளியே யாரோ குளிரில் கிளம்பாத ஜீப்பை
திரும்பத் திரும்ப உறுமவைத்துக்கொண்டிருந்தார்கள்.
மூன்று வருடமாக என்னை
'கிளார்க்கம்மா' என்றே கூப்பிட்டவர்
தலை நிமிராமல் கேட்டார்:
'முப்பத்திநாலு,
நீ இன்னும் கொடிக்கு வெளியதான் ஓடுறியா?'

பேனாவின் மூடி திறந்திருந்தது.
மேசைக்கடியில்
ஒரு கால் செருப்பைத் தேடித்
துழாவிக்கொண்டிருந்தது.