ஏழு கடுகு

ஷெஃபீல்டில், எங்கள் வீட்டு நிலவறைச் சுவரில்
ஆறு கிலோ ஊசல் ஆடுகிறது.
தண்டின் நடுவே சின்னத் தட்டு,
அதில் ஏழு கடுகு.

இன்னொன்று வைத்தால்
நாளைக்கு மூன்றரை மில்லிவினாடி முந்தும்.
மூச்சடக்கி, இடுக்கியால்தான் தொடுவேன்.
மேலிருந்து துவாரகன் கத்துவான்:
"தாளிக்கக் கடுகு எங்கே?"

டிராம் போனால் வரைபடம் நடுங்கும்.
மழைக்கு முன், காற்றழுத்தம் இறங்க,
கொஞ்சம் அவசரப்படும்.
அதையெல்லாம் கழித்த பிறகும்
தினம் இருமுறை ஒரு தயக்கம்,
நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் தள்ளி.

மூன்று வாரம் திருகுகளைச் சந்தேகித்தேன்.
துவாரகனையும்.

நேற்றிரவு குப்பைத்தொட்டியை
வாசலுக்கு உருட்டிப் போனேன்.
கூரைக்கு மேலே நிலா,
என் தட்டிலிருந்து
ஒரு கடுகை எடுத்த கையோடு.