ஆறு சதவீதம்

டெர்பியில் முதல் வாரம்
மண்வெட்டியை யாரும் தொடவே இல்லை.
கையில் கொடுத்தது இளஞ்சிவப்பு நாடா ஒரு சுருள்,
ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சரிவுமானி ஒன்று.
மலையைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க
என்றாள் ப்ரையனி.
என்னைவிடப் பதினாறு வயது இளையவள்.
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.
எங்கே தண்ணீர்?

பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர்.
மூடிப்போன மர ஆலையிலிருந்து டெகன்,
தீயணைப்பு வேலையில் முதுகைக் கொடுத்த லோர்னா,
சைக்கிளைத் தவிர எதையும் நேசிக்காத இரட்டையர்,
வாய் திறக்காத ஸ்டெலியோஸ்,
லான்செஸ்டன் வங்கிக் கிளையில் பதினொரு வருடம்
பிறர் கடன்களை வரிசைப்படுத்திய நான்.

ஏற்றம் ஆறு சதவீதம், போனால் போகிறதென்று எட்டு.
பாதையின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்திருக்கணும்,
சாய்ந்த தட்டில் ரசம் ஓரத்துக்கு ஓடும் அளவு.
(உவமை என்னுடையது. பாடக்குறிப்பில் பந்து உருளும்.)
ஏறிக்கொண்டே போகும் பாதை
அங்கங்கே ஓரடி இறங்கி, மறுபடி ஏறணும்.
நடப்பவர் கவனிக்கமாட்டார்.
தண்ணீர் கவனித்து அங்கேயே இறங்கிக்கொள்ளும்,
தன் நிறுத்தம் வந்த பயணிபோல.

பழந்தமிழில் பாதைக்கும் நதிக்கும் ஒரே சொல்,
ஆறு, அந்த எண்ணும் அதுவேதான் என்று
டெகனிடம் சொன்னேன்.
அவன் மானியைக் கண்ணிலிருந்து எடுத்தான்:
அப்போ இந்தப் பரீட்சையில நீங்க எப்படித் தேறுவீங்க?

மூன்றாம் வாரம் நாடா கட்டும் முறை எனக்கு.
மேலே ஒரு பாறை.
அதில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.
நேராகக் கட்டிக்கொண்டு போனேன்.
மானி பதினெட்டு காட்டியது.
தாளில் பத்து என்று எழுதினேன்.
ப்ரையனி தாளைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள்,
தோண்டுங்க என்றாள்.

ஐந்து நாள். முப்பது மீட்டர்.
காலுறைக்குள் அட்டை,
உள்ளங்கையில் உடைந்த கொப்புளம்,
வேரறுந்த பெரணியின் பச்சை வாடை.
நல்லா இருக்கு என்றார் ஸ்டெலியோஸ்.
அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

வெள்ளி இரவு மழை.
விடியற்காலை நான்கு மணிக்கு அறைக்கதவுகளைத் தட்டினாள்.
தலைவிளக்குகளோடு ஏறினோம்.
மற்றவர்கள் போட்ட பாதைகளில்
தண்ணீர் மெல்லிய போர்வையாய் விரிந்து
விளிம்பு தாண்டிச் சத்தமில்லாமல்
பெரணிக்குள் போய்க்கொண்டிருந்தது.
என்னுடையதில் ஓடியது.
கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு, கொதித்த டீ நிறத்தில்,
நடுவில் தானே ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு
எங்கள் ஐந்து நாளும்
எங்கள் பூட்ஸைத் தாண்டி இறங்கிப் போயிற்று.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
லோர்னா என் தலைவிளக்குப் பட்டையைச் சரிசெய்தாள்.
அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரப் பாடம்: பாதையை மூடுவது.

இறுகிய மண்ணைக் கிளறினோம்.
குறுக்கே கல் அடுக்கி வண்டலைப் பிடித்தோம்.
விழுந்த மரமொன்றை வேரோடு இழுத்துவந்து
போன புயல் தள்ளியதுபோலக் கிடத்தினோம்.
சருகைக் கைநிறைய அள்ளி,
அள்ளியது தெரியாமல் தூவினோம்.
வளைவில் நிற்பவர் கண்ணுக்கு எட்டும்
முதல் பத்து மீட்டரை மறைத்தால் போதும்,
மிச்சத்தைக் காடு பார்த்துக்கொள்ளும்.
இங்கே யாரும் நடந்ததே இல்லை என்று
காட்டையே பொய் சொல்ல வைக்கிற வேலை.
அதில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.
பழகிய கை.

பாறைக்கு இப்போது சுற்றிப் போகணும்,
நூற்றுப் பத்து மீட்டர்.
மானியை மூன்று முறை பார்த்து
மூன்று முறையும் உள்ளதை எழுதினேன்.

திறந்த சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது.
வளைவில் சின்னப் பையன் மட்டும் நின்று
என் முப்பது மீட்டர் இருந்த பக்கம் திரும்பி,
கிடந்த மரத்தின்மேல் ஒன்றுக்குப் போனான்.
அவன் அம்மா ஓடிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்.
மரத்துக்குப் பின்னால் நட்ட பெரணியில்
சுருள் ஒன்று, கட்டைவிரல் உயரம், எழும்பியிருந்தது.

ஆறு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு.
சொல்லலாம் என்று திரும்பினால்
டெகன் அதற்குள் வாருகோலைத் தோளில் போட்டுக்கொண்டு
மேல்வளைவு தாண்டிவிட்டான்.