யூனிட்

ஜூன் ஒன்றாம் தேதி
காலுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை.
ஆறரைக்கெல்லாம் செருப்பைத் தேடி
முளகுமூட்டு இறக்கத்தில் அது பாட்டுக்கு இறங்கியது.
பின்னால் நானும் போனேன்.

முப்பத்திமூன்று வருடம்
வீடுகளைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்தவன்.
சன்ஷேடுக்கு அடியில் ஒரு மீட்டர் பெட்டி,
அதன்மேல் பல்லி,
பக்கத்துக் கொடியில் புகை மணக்கும் ரப்பர் ஷீட்டு.
அவ்வளவுதான் எனக்கு ஒரு வீடு என்பது.
உள்ளே இருப்பவர்கள் எண்களாக வெளியே வருவார்கள்.
அறுநூறு தாண்டினால் மகன் சவூதியிலிருந்து வந்திருக்கிறான்.
பூஜ்யம் என்றால்
பூட்டில் குளவி கூடு வைத்திருக்கும்.

அன்றைக்கும் அட்டையோடு ஓடி வந்தார்கள்.
"கரண்டு சாரே, இந்தத் தடவ நேரத்தே வந்திட்டியளே?"
"இல்ல, சும்மா."
சும்மா வருகிறவனுக்கு எதை நீட்டுவது?
கையில் அட்டையோடு கொஞ்சம் முழித்துவிட்டு
காட்டுவிளை ரெத்தினபாய் நாற்காலி எடுத்துப் போட்டாள்.
அந்த வீட்டுக்கு முன்வாசல் உண்டென்றும்
அது நீல நிறமென்றும்
அப்போதுதான் கண்டேன்.
அவித்த மரச்சீனி, உடைத்த காந்தாரி மிளகு,
நாக்கு எரிய எரிய ஒரு மணி நேரம்.
தலைக்கு மேல் பழைய ஃபேன்,
எழுபத்தைந்து வாட்.
கணக்குப் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.
போட்டுவிட்டேன்.

ஊர் பழகிவிட்டது.
வீடுதான் பழகவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு
என் வீட்டில் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியாமலே வயது அறுபதாகிவிட்டது.
லீமா வெறுந்தரையில் தலையணை போட்டு
ரேடியோக்காரியோடு பேசிக்கொண்டிருப்பாள்.
"அதெல்லாம் உப்பு கூடிப் போவும் பிள்ளே" என்று
சமையல் குறிப்பைத் திருத்துவாள்.
நான் வாசலில் நின்றதும்
சத்தத்தைக் குறைத்தாள்.
"இனி தெனமும் இங்கனயா கெடக்கப் போறிய?"
கோபம் ஒன்றுமில்லை. விசாரிப்புதான்.
ஆனாலும் அது அவளுடைய இரண்டு மணி.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
அயினி மரத்தடிக்குப் போனேன்.
பழம் விழுந்து சிதறுகிற சத்தத்தில்
பத்து நாள் தூங்கப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம்
ரேடியோ மரத்தடி வரை கேட்டது.
நான்காம் வாரம்
"மழை வருது, உள்ள வாருங்கோ" என்றாள்.
மழை வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு பெண் வந்தாள்.
சுபிஜா, புதுசு, தோளில் குடை, கையில் மிஷின்.
அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ஓடும்போதுதான் உறைத்தது,
இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை.
பெருவிரலில் எம்பிப் பார்த்தாள்.
நெற்றியைச் சுருக்கினாள்.
"முந்நூத்தி இருபத்தொண்ணு சார்.
போன தடவ நூத்தித் தொண்ணூத்தெட்டு.
லீக்கு ஏதாவது இருக்குமோ?
மீட்டர செக் பண்ணச் சொல்லட்டா?"

அடுக்களையிலிருந்து லீமா:
"மீட்டருக்கு ஒண்ணுமில்ல பிள்ளே.
ஆளு வீட்டுல இருக்கு."

நூற்று இருபத்திமூன்று.
பகல் தூக்கத்தின் ஃபேன்,
இரண்டு பேருக்காகக் கூட்டி வைத்த ரேடியோ,
ஏத்தவாழைக்கு நேரம் கெட்ட நேரத்தில் ஓடிய மோட்டார்,
ராத்திரி புத்தகம் படிக்கிறேன் என்று
எரியவிட்டுத் தூங்கிப்போன லைட்டு.
இத்தனை வருட அட்டைகளில்
எங்கும் ஏறாத ஆள்
நீல மையில் ஏறியிருக்கிறேன்.

முன்பக்கம் வரச் சொன்னேன் சுபிஜாவை.
"இன்னும் நாப்பது வீடு கெடக்கு சார்" என்று
பக்கவாட்டிலேயே போனாள்.
திருப்பத்து வீட்டுக் கறுப்பு நாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அது வாலாட்டிக்கொண்டு
அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அட்டையை ஆணியில் மாட்டினேன்.
"அடுத்த தடவ இன்னும் கூடும்" என்றேன்.
"கூடட்டும்" என்று
தலையணையைத் தள்ளிப் போட்டாள் லீமா.
"ஃபேன ரெண்டுல வையுங்கோ."