நீல டேப்

வுப்பர்டால், ஃபோவிங்கல்.
தெருவுக்கு மேலே தொங்கு ரயில் ஓடும்.
பின் முற்றத்தில் எங்கள் கருப்பு ஓப்பல்,
பதினொரு வயது.
நாலு மணிக்கு வாங்க ஆள் வருகிறது.
விலையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு.

நேற்றே காசு போட்டுக் கழுவும் இடத்தில்
கழுவி வந்துவிட்டேன்.
முற்றத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும்
இரண்டாம் மாடி ஹுல்ஸ்பெக் அம்மா
ஜன்னலைத் திறந்து சட்டம் சொல்லுவார்.

மஞ்சள் டேப் மலிவு, ஆனால் பசை விட்டுப்போகும்.
நீலம் எடுத்தேன். பதினொரு யூரோ.
"சுவருக்கா?" என்றாள் கடைக்காரி.
காருக்கு, விற்கப்போகிற காருக்கு என்றேன்.
சிரித்தாள்.

நகுலேஸ் பத்து மணிக்கு வந்தார்.
சட்டையில் வேறு வீட்டுச் சோப்பு மணத்தது.
"என்ன செய்ய?"
டேப் உருளையை நீட்டினேன்.

பாலிஷ் கருப்பு ரப்பரில் பட்டால்
வெள்ளையாய்க் காயும்.
பல் துலக்கும் பிரஷ் போட்டாலும் போகாது.
சாப்பிட்டு எழுந்தவன் மீசையில் மோர் மாதிரி
பார்க்கிற கண் முதலில் அங்கேதான் போகும்.
ஆகவே முதலில் மூடு.
ஜன்னல் விளிம்பு, கைப்பிடியைச் சுற்றி,
பக்கவாட்டில் ஓடும் பட்டை,
பின்னால் அந்த மின்னல் முத்திரை.
வளைவில் டேப்பை இழுக்காதே,
இழுத்தால் சுருங்கி எழும்பும்.
சின்னத் துண்டாய்க் கிழித்து
ஒன்றின் வால் மேல் ஒன்றின் தலை வை.
நகத்தால் ஓரம் அழுத்து.

அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
நடுவில் கூரை.
"கிழி."
"இந்தா."
"காணாது."
"இன்னொன்று."
பதினாலு வருசத்தில்
சண்டையில்லாமல் ஒரு மணித்தியாலம் பேசியது
இந்த நாலு சொல்லில்தான்.

மேலே ரயில் போனபோது
இருவரும் வாயை மூடிக் காத்திருந்தோம்.
முன்பும் அப்படித்தான்.
எவ்வளவு பெரிய சண்டையிலும்
அதற்கு மட்டும் வழி விடுவோம்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
கருப்புக்குள் வட்டம் வட்டமாய்க் கீறல்.
ஒவ்வொரு சனியும்
பாத்திரம் தேய்க்கிற பஞ்சால் அவர் தேய்த்தது.
அப்போது சொன்னேன், கேட்கவில்லை.
இப்போது சொல்லவில்லை.
பின் பம்பரில் ஒன்று, விரல் நுழையும் ஆழம்.
அதை ஆர் இடித்தது என்பதிலேயே
ஒரு குளிர்காலம் போனது.
அதற்கு டேப்பும் இல்லை, பாலிஷும் இல்லை.

இயந்திரம் சுழலச் சுழல
வட்டங்கள் மங்கின.
கதவில் என் முகம் வந்தது,
தலைமுடியில் வெள்ளைத் துளிகளோடு.

மூன்றரைக்கு உரித்தோம்.
மெல்ல, சாய்வாய், தன் மேலேயே மடக்கி.
ரப்பரை ஒட்டி ஒரு மயிரிழை:
டேப் பெயின்ட்டில் ஏறி நின்ற அகலம்.
இயந்திரம் தொடாத பழைய மங்கல்
காரைச் சுற்றி ஓடியது.
"உதை ஆர் பார்க்கப் போகினம்?" என்றார்.
நான் துணியை விரலில் சுற்றி
ஓரம் ஓரமாய்த் தேய்க்கத் தொடங்கினேன்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு
மற்றப் பக்கம் போனார்.
பின்கதவுக்கு வருமுன் நாலு மணி.

சோலிங்கனில் இருந்து வந்த பெடியன், எம்ரே,
பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை.
குனிந்து டயரைத் தடவினான்.
எண்ணெய்க் கோலை இழுத்து மணந்தான்.
கிலோமீற்றரைப் படம் எடுத்தான்.
இருநூறு குறைக்கச் சொன்னான்.
"நைன்" என்றோம்,
இருவரும் ஒரே மூச்சில்.
பிறகு நூறு குறைத்தோம்.

முற்றத்துச் சுவரில் வைத்துப் பணத்தைப் பிரித்தோம்.
ஒற்றையாய் மிஞ்சிய ஐம்பதை
"டேப் வாங்கினது நீர்தானே" என்று
என் பக்கம் தள்ளினார்.

நிலையப் படியில் அவர் ஏறினார்.
வலது முழங்கையில்
ஒரு விரல் நீள நீல டேப்
ஒட்டிக்கொண்டு போனது.
கூப்பிட்டிருக்கலாம்.
ரயில் வந்தது.
வாயை மூடிக்கொண்டு நின்றேன்.