பூஜ்ஜியம் நாள்

பாசிர் பஞ்சாங்கில் பத்தொன்பது வருஷம்
கிரேன் அறையின் கண்ணாடித் தரைவழி
குனிந்தே பார்த்தேன் பெட்டிகளை.
தலை நிமிரவில்லை என்றபோது
வேலைப் பழக்கம் என்று சிரித்தோம்.

பிறகு மோவாயைக் கையில் ஏந்திச்
சோறு மென்றேன்.
எதிரே வருகிறவரைச்
செருப்பு வைத்து அறிந்தேன்.
லிஃப்ட்டில் மாடி எண் தெரியாது,
மணியோசையை எண்ணுவேன்.

தொடையில் துளி வெட்டிப் பார்த்தார்கள்.
தசைக்குள் குச்சி குச்சியாய் ஏதோ,
நாற்பத்தாறு வயதில்.
"நானே இப்போதுதான் பார்க்கிறேன்"
என்றார் டாக்டர் குவெக்,
எனக்குப் பரிசு விழுந்ததுபோல.

ஊட்ரமில்
என் ரத்தம் வெளியே போய்
ஒரு இயந்திரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியது.
ஸ்டெம் செல்களை மட்டும்
பிடித்து உறையவைத்துக்கொண்டார்கள்.
மருந்து ஏறும்போது
ஐஸை மென்றுகொண்டே இருங்கள் என்றாள்
நர்ஸ் நோர்ஹயாத்தி. வாய் வேகாதிருக்க.

பூஜ்ஜியம் நாள் என்று பலகையில் எழுதினார்கள்.
பனிப்புகையிலிருந்து என்னை எடுத்து
எனக்கே சொட்டுச் சொட்டாய் விட்டார்கள்.
அறையெங்கும் பூண்டு வாடை.
முகமூடிக்குள்ளிருந்து அமுதவல்லி,
"யாரு சமைக்கிறா இங்க?"
"நான்தான் வேகுறேன்" என்றேன்.

முடி போனது. காய்ச்சல் வந்தது, போனது.
ஏழு மாதம் வேறொன்றும் நடக்கவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று, புளோக் லிஃப்ட்.
கையில் கீரையும் ரொட்டியும்.
மோவாயை யாரும் ஏந்தவில்லை.
கதவுக்கு மேலே சிவப்பாய்
எட்டு.
ஒன்பது.
பத்து வருமுன் தலை விழுந்தது.
மிச்சத்தை மணியில் எண்ணி
வெளியே வந்தேன்.