ஒன்பதாவதாக வந்தவள்

தார்த்து நகரம், ஜனவரி, வெள்ளிக்கிழமை.
பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
வெப்பக்குழாயின் மேல் எட்டு ஜோடிக் கையுறைகள்
ஆவி விட்டுக் காய்ந்துகொண்டிருந்தன.
ஆளுக்கொரு பாக்கெட், பாக்கெட்டுக்குப் பதினாலு சீட்டு.
ஒன்றை எடு, மிச்சத்தை இடப்பக்கம் தள்ளு.
பேசக் கூடாது.
முகத்திலும் எதுவும் தெரியக் கூடாது,
அதுதான் கஷ்டம்.

காரெல் எல்லாச் சீட்டுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருந்தான்.
பள்ளியில் வேதியியல் எடுப்பவன்,
சிவப்பு மை அவனை வெள்ளிக்கிழமையும் விடுவதில்லை.
எரிமலை அரசனுக்கு ஐந்துக்கு நாலே முக்கால்.
உப்புச் சுமப்பவளுக்கு அரை.
அந்த அரையும் படம் வரைந்தவருக்காக என்றான்.

என் முதல் பாக்கெட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அரசன் மின்னினான். விளக்குக்குச் சாய்த்தால்
சிறகில் ஒரு வானவில் ஓடி மறைந்தது.
அவனை இறக்க ஏழு நிலம் வேண்டும்.
ஏழாவது நிலம் வருவதற்குள்
முடிந்துபோன ஆட்டங்கள் எத்தனை என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் எடுத்தேன்.

அவள்:
குனிந்த முதுகு, ஒரு மூட்டை, சாம்பல் வானம்.
இரண்டே நிலத்துக்கு வந்துவிடுவாள்.
அடிப்பது ஒன்று, தாங்குவது மூன்று.
செத்தால் நமக்கு ஒரு சீட்டு தந்துவிட்டுப் போவாள்.
எட்டுப் பேர் கையிலும் ஏறி இறங்கி
ஒன்பதாவது சுற்றில் என்னிடமே திரும்பி வந்தாள்,
காய்கறியோடு போட்ட கொசுறு மாதிரி.
அப்போதும் எடுக்கவில்லை.
யாராலும் தூக்க முடியாத ஒரு வாளை எடுத்தேன்.

இடப்பக்கம் லேலோ.
சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.
இப்படியே ஐந்து பேரைச் சேர்த்துவிட்டாள்.

பிறகு கேட்டேன்:
முதல் சுற்றிலேயே உன் கைக்கு வந்தாளே,
ஏன் விட்டாய்?
"நீங்கள் யாரும் தொட மாட்டீர்கள் என்று தெரியும்.
அதற்குள் வேறு நல்லது ஒன்றை எடுத்துக்கொண்டேன்."

எங்கள் ஆட்டத்தில் அரசன்
முதல் கையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்.
நாலு நிலம். ஐந்து நிலம். மறுபடி ஐந்து.
என் ஆட்கள் போய் மோதினார்கள்,
மூட்டையைக் கீழே வைக்காமலே அவர்கள் தாங்கினார்கள்.
ஒருத்தி சாக, லேலோ ஒரு சீட்டு எடுத்தாள்.
இன்னொருத்தி சாக, இன்னொன்று.
சாவு அவள் பக்கம், பசி என் பக்கம்.

ஏழாவது நிலமும் வந்தது, பொய் சொல்லக் கூடாது.
அரசன் இறங்கினான். அழகாகவே இருந்தான்.
ஒரே ஒரு முறை அடித்தான்.
மூன்றாவது உப்புக்காரி சாகும்போது தந்த சீட்டு
ஒரு படுகுழி.

"பாசம்," என்றான் காரெல், தோற்றவர்களுக்கெல்லாம் சார்பாக.
"ராத்திரி முழுக்க இவளே உப்பு லாரி ஓட்டுகிறாள், அதனால்தான்."
லேலோ சீட்டுகளை ரப்பர் பேண்டில் சுற்றினாள்.
"பாசமா? மலிவு."

அடுத்த வெள்ளிக்கிழமை
அரையை அடித்து நாலு போட்டிருந்தான் காரெல்.
தாள் கை மாறிக் கை மாறிக் கசங்கியிருந்தது.
இப்போது உப்புச் சுமப்பவள் இரண்டு கை தாண்டுவதில்லை.
கடைக்கார ஊர்மஸ் கூட, என்றும் வேடிக்கை பார்ப்பவர்,
ஒருத்தியைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.
நான் மூன்று பேரைப் பிடித்தேன்.
அவர்களுக்காக ஒரு நல்ல வில்லாளியை விட்டேன்,
ஒரு ஓநாயை விட்டேன்,
நிலத்தை இரட்டிப்பாக்கும் காட்டுவாசிகளை
வரிசையாக இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

லேலோவுக்கு உப்பில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.
கேட்டதாகவும் தெரியவில்லை.
எரிமலை அரசன் ஆறு பேர் தாண்டி
ஏழாவதாக அவளிடம் போனான்.
விளக்குக்கு ஒரு தடவை சாய்த்துப் பார்த்தாள்,
காட்டுவாசிகளின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது.
அவள் கைபேசி மேசையில் அதிர்ந்தது.
"பதினொன்றுக்கு நான் போக வேண்டும்,
சீக்கிரம் ஆடலாமா?"

என் மூன்று பேரையும் விசிறிப் பிடித்துப் பார்த்தேன்.
அதே முதுகு, அதே வானம்.
கொடுத்த விலைக்கு
மூட்டை சின்னதாகத் தெரிந்தது.