மதியத்தில் நல்ல வண்டி

பர்கா சனாயாவில் பதினொரு மணி வெயிலில்
சுவைலிமின் பிக்கப் வந்து நிற்கிறது.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஹைலக்ஸ்.
படகை இழுத்து இழுத்துப் பின்பக்கம் தாழ்ந்தது.
கதவின் கீழ்விளிம்பை உப்பு தின்றுவிட்டது.
"விடியலில் இருமுகிறது" என்கிறார்.

சாவியைத் திருப்புகிறேன்.
ஒண்ணு மூணு நாலு ரெண்டு
ஒண்ணு மூணு நாலு ரெண்டு
பிசகாமல் எண்ணுகிறது எஞ்சின்.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறேன்.
எதைப் பிடுங்கினாலும் தள்ளாடுகிறது.
அப்படியென்றால் நாலும் உழைக்கிறது.
உழைக்காதவனைப் பிடுங்கினால்தான் ஒன்றும் ஆகாது.
எங்கள் சூப்பர்வைசர் லீவில் போன மாதம்
கராஜ் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓடியது.

சுவைலிம் என் முகத்தையே பார்க்கிறார்.
ஏற்கெனவே மூன்று கராஜ்.
ஒருவன் கார்ப்பரேட்டரைப் பிரித்தான்,
ஒருவன் காயில் மாற்றினான்,
சுஹாரில் ஒருவன், பெட்ரோலில் தண்ணீர் என்று
டேங்கையே இறக்கிக் கழுவினான்.
எழுபத்தெட்டு ரியால்.
மூவரும் கடைசியில் சொன்னது:
நன்றாகத்தானே ஓடுகிறது.
"நான் பொய் சொல்கிறேனாம்" என்று அரபியில் சொன்னார்.
எனக்குப் புரியவில்லையோ என்று
உடைந்த ஹிந்தியில் இன்னொரு முறை.

முதல் தடவையே புரிந்தது.
போன ரமலானிலிருந்து என் நெஞ்சுக்குள்
இரவில் ஏதோ ஒன்று தடுக்கி விழும்.
பகலில் கிளினிக்கில் போய்ப் படுத்தால்
தாளில் ஒரே உயரச் சிகரங்கள், வரிசை கலையாமல்.
நார்மல் என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே.

"வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்றேன்.

ஆகஸ்ட்.
கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றில்
பின்னிரவில் கண்ணாடிகளெல்லாம் வியர்க்கும்.
முன்சீட்டில் படுத்திருந்தேன்,
முழங்கையில் காய்ந்த மத்திச் செதில்.
நாலு மணிக்குச் சாவி.

ஒண்ணு — நாலு ரெண்டு
ஒண்ணு — நாலு ரெண்டு

வா மகனே, வந்தாயா.

சூடேறி ஈரம் காய்வதற்குள் பிடிக்க வேண்டும்.
மூன்றாவது வயரைப் பிடுங்கினேன்: சத்தம் மாறவில்லை.
அதன் பிளக்கை ஒன்றுக்கும் ஒன்றின் பிளக்கை அதற்கும்
இருட்டில் தடவித் தடவி மாற்றினேன்.
ஒன்று ஓடியது, மூன்று ஊமை.
வேறு வயர் போட்டேன். அப்போதும் ஊமை.
குற்றம் ஆளிடம் இல்லை,
அவனுக்குப் பங்கு பிரித்து அனுப்புகிற இடத்தில்.

டார்ச்சை அணைத்தேன்.
மிஜான் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால்
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் ஒரு பீச்சு.

மூன்றின் கொம்பிலிருந்து நாலின் கொம்புக்கு
நீலமாய் ஒரு நூல் ஊர்ந்தது.

மயிரிழை வெடிப்பு.
மூன்றாம் நம்பருக்கு வந்த கடிதத்தையெல்லாம்
நாலாம் வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டு
வாங்கிக்கொண்டிருந்தான்.
வெயில் ஏறியதும் யோக்கியனாகிவிடுவான்.

தொழுகை முடித்து சுவைலிம் வந்தார், கையில் பிளாஸ்க்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. தெளித்தேன்.
குனிந்து பார்த்தார்.
"இன்னொரு தடவை."
தெளித்தேன்.
"இன்னொரு தடவை."
ஆறு முறை தெளிக்க வைத்தார்.
சிரிக்கவில்லை, எவனையும் திட்டவில்லை.
பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு
எனக்கு டீ ஊற்றினார்.

புது மூடி ஐந்து ரியால். கடை திறக்க எட்டு மணி.
அதுவரை மீன் இருக்காது என்றார்.
என் பனியனைக் கழற்றி மூடியை உள்ளும் புறமும் துடைத்தேன்.
இன்றைக்குத் தாங்கும், நாளைக்கு வாருங்கள்.

ஒண்ணு மூணு நாலு ரெண்டு
சவாதி ரோட்டில் ஏறி
ரவுண்டானா தாண்டிக் கேட்காமல் போகும்வரை
எண்ணிக்கொண்டு நின்றேன், வெற்று மார்போடு.

அந்த கிளினிக்
ராத்திரி நாலு மணிக்குத் திறந்திருக்குமா என்று
விசாரிக்க வேண்டும்.